கடல் சுத்தமா இருக்கா? குமரியில் சிப்பி தரும் ரிசல்ட்... கணக்கில் சிக்காத பிளாஸ்டிக் குருணை!

கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சி பக்கம் போனால் கடற்கரை மணல் கறுப்பாக இருக்கும். முதல்முறை பார்க்கும் வெளியூர்க்காரர்கள் ஏதோ எண்ணெய்க் கழிவு என்று நினைத்து முகம் சுளிப்பார்கள். அது அழுக்கு இல்லை. இல்மனைட், கார்னெட் எல்லாம் கலந்த தாது மணல். குமரிக் கடற்கரையில் பல இடங்களில் இந்தக் கருமணல் உண்டு.

அழுக்காகத் தெரிவது சுத்தமாக இருப்பதும், சுத்தமாகத் தெரிவது அழுக்காக இருப்பதும் கடலில் சகஜம். 2025 மே மாதக் கடைசியில் மாவட்டத்தின் மேற்குக் கரையில் அதுதான் நடந்தது. அலை கொண்டுவந்து போட்டவை ஜவ்வரிசி மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தன. பார்க்க அழகுதான். எடுத்துப் பார்த்தால் பிளாஸ்டிக்.

'நர்டில்' என்பார்கள். வாளி, குடம், கவர், பைப் என்று எல்லா பிளாஸ்டிக் பொருளுக்கும் இதுதான் மூலப்பொருள். தொழிற்சாலைக்கு மூட்டை மூட்டையாக வரும் இந்தக் குருணையை உருக்கித்தான் அச்சில் ஊற்றுகிறார்கள். ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டருக்குள் இருக்கும். எடை சுமார் 20 மில்லிகிராம். அப்படியானால் 25 கிலோ மூட்டை ஒன்று கடலில் கிழிந்தால் எத்தனை குருணை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பத்து லட்சத்தைத் தாண்டும்.

கொச்சியில் மூழ்கியது... குமரியில் ஒதுங்கியது!

2025 மே 24 அன்று கேரளக் கடலில் 'எம்.எஸ்.சி எல்சா 3' என்ற சரக்குக் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த லைபீரியக் கொடி ஏந்திய கப்பல். கொச்சிக்குத் தென்மேற்கே சுமார் 38 கடல் மைல் தூரத்தில், மறுநாள் காலை முழுவதுமாக மூழ்கியது. கப்பலில் இருந்த 24 பேரும் மீட்கப்பட்டார்கள். ஆனால், 640 கண்டெய்னர்கள்? சில மூழ்கின, சில மிதந்தன, சில உடைந்தன. 13 கண்டெய்னர்களில் ஆபத்தான சரக்கு இருந்ததாக அறிவிக்கப்பட்டது. அதில் 12-ல் இருந்தது கால்சியம் கார்பைடு. எரிபொருள் தொட்டியில் 367 டன் ஃபர்னஸ் ஆயிலும் 84 டன் டீசலும் இருந்தன.

எல்லோர் கண்ணும் எண்ணெய் மீதும் கார்பைடு மீதும்தான் இருந்தது. பிளாஸ்டிக் குருணையை யாரும் பெரிதாகப் பேசவில்லை. காரணம், அது ஆபத்தான சரக்குப் பட்டியலிலேயே இல்லை. சத்தமில்லாமல் கரைக்கு வந்ததும் அதுதான்.

அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழையும் அவசரப்பட்டது. கேரளத்தில் பருவமழை தொடங்கியதும் அதே மே 24-ம் தேதிதான். 2009-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் தொடங்கியதில்லை. பருவமழைக் காலத்தில் மேற்குக் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்காக ஓடும். குமரி முனையைச் சுற்றியதும் கிழக்கே திரும்பும். கொச்சி, ஆலப்புழை, திருவனந்தபுரம் என்று இறங்கிவரும் எந்தக் குப்பையும் அடுத்து எங்கே வரும்? நீரோடி. அதாவது தமிழ்நாட்டின் மேற்குக் கரை தொடங்கும் முதல் மீனவ கிராமம். அங்கிருந்து தேங்காய்ப்பட்டினம், இனயம், குளச்சல், முட்டம் என்று வரிசையாக ஊர்கள். குளச்சல் அருகே வாணியக்குடியில் ஒரு கண்டெய்னரே கரை ஒதுங்கியது. குருணைகள் இன்னும் தூரம் போயின. ராமேஸ்வரம் தீவின் தனுஷ்கோடி வரைக்கும்.

விசைப்படகு மீனவர்களுக்கு அது மோசமான நேரம். குமரி மாவட்டத்துக்கு ஒரு விசித்திரம் உண்டு. ஒரே மாவட்டத்தில் இரண்டு மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் துறைமுகத்துக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டினம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கு. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கிழக்கே தடை முடியாத நேரம், மேற்கே தடை தொடங்கவிருந்த நேரம். இடைப்பட்ட அந்தச் சில நாள்களில்தான் கப்பல் மூழ்கியது. தடைக்காலத்தில் மார்க்கெட்டுக்கு மீன் கொடுப்பவை வள்ளமும் கட்டுமரமும் கரைமடியும்தான். அந்தச் சிறு மீனவர்களின் மீனை, 'இப்போ வாங்கலாமா' என்ற சந்தேகத்தோடு ஜனங்கள் பார்த்தால் எப்படி இருக்கும்?

கடல் சுத்தமா என்ற கேள்வி அந்த இடத்தில் அறிவியல் கேள்வியாக நிற்பதில்லை. அன்றைய அடுப்பெரியுமா என்ற கேள்வியாகிவிடுகிறது.

பாட்டிலில் அடைபடும் கடல்

கடல் சுத்தமா என்பதை யார் பார்க்கிறார்கள், எப்படிப் பார்க்கிறார்கள்? இந்தியாவில் 1990-களின் தொடக்கத்திலிருந்தே கடலோர நீரைச் சோதிக்கும் திட்டம் நடக்கிறது. இப்போது அதை நடத்துவது மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ், சென்னையில் இயங்கும் தேசிய கடலோர ஆராய்ச்சி மையம். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பல்கலைக்கழகத் துறைகள், தனியார் ஆய்வகங்களும் தங்கள் பங்குக்கு மாதிரி எடுக்கின்றன. குமரியிலேயே ராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் தொழில்நுட்ப மையம் இருக்கிறது.

வேலை என்னவோ கேட்க எளிது. படகில் போய், ஜி.பி.எஸ் பார்த்து, குறித்த இடத்தில் நிறுத்தி, தண்ணீர் எடுத்துவர வேண்டும். போனவர்களைக் கேட்டால்தான் தெரியும். ஆடும் படகில் ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பாட்டிலை நிரப்ப வேண்டும். ஆக்ஸிஜன் பாட்டிலில் ஒரு காற்றுக்குமிழிகூட நுழையக் கூடாது. நுழைந்தால் அளவு தப்பு. நிரப்பிய கையோடு, படகிலேயே, மாங்கனீஸ் கரைசலும் காரம் கலந்த அயோடைடு கரைசலும் விட வேண்டும். தண்ணீரில் ஆக்ஸிஜன் இருந்தால் அடியில் பழுப்பாகப் படியும். துளியும் இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். வெள்ளையைப் பார்த்தால் அந்த இடத்தில் மீன் பிழைக்காது என்று அர்த்தம். ஹங்கேரியைச் சேர்ந்த விங்க்லர் 1888-ல் கண்டுபிடித்த முறை இது. மின்னணுக் கருவிகள் எத்தனை வந்தாலும், அவை சரியாகச் சொல்கின்றனவா என்று பார்க்க இன்றும் இந்தப் பாட்டிலைத்தான் எடுக்கிறார்கள்.

பாக்டீரியா பாட்டில் வேறு. கிருமிநீக்கம் செய்தது. எடுத்த உடனே ஐஸ் பெட்டிக்குள் போக வேண்டும். வெயில் பட்டால் பாக்டீரியா செத்துவிடும், ரிசல்ட் நல்லபடியாக வந்துவிடும்! சில மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்த்து, வளர்த்து, எண்ணிச் சொல்ல நாளாகும். ஞாயிற்றுக்கிழமை கடலில் குளித்துவிட்டு வந்தவர், அந்தத் தண்ணீர் எப்படி என்று தெரிந்துகொள்ளும்போது வாரம் பாதி போயிருக்கும்.

கழிவு எவ்வளவு ஆக்ஸிஜனைத் தின்கிறது என்று பார்க்கும் பி.ஓ.டி சோதனைக்கு ஒரு சுவாரஸ்யமான கதை உண்டு. இங்கிலாந்தில் அதை 5 நாள் வைத்துப் பார்ப்பார்கள். அந்த ஊர் நதிகள் கடலைச் சேர அதிகபட்சம் 5 நாள்தான் ஆகும் என்பதால் அப்படி வைத்தார்களாம். அங்கே 20 டிகிரி வெப்பம். நம் ஊர் வெயிலுக்கு அது ஒத்துவருமா? இந்தியாவில் 27 டிகிரியில் 3 நாள் வைக்கிறார்கள்.

எண்கள் வந்த பிறகு அவற்றை ஒப்பிட ஒரு அட்டவணை இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடலோர நீரை 5 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. குளிக்கவும் மீன்பிடிக்கவுமான கடல் இரண்டாம் வகுப்பு. அதில் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்க வேண்டும். மலக்கழிவைக் காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியா 100 மில்லி தண்ணீரில் 100-ஐத் தாண்டக் கூடாது. பி.ஓ.டி 3 மில்லிகிராம்தான். துறைமுகமும் கழிவுநீர் கலக்கும் இடமும் கடைசி இரண்டு வகுப்புகள்.

முதல் வகுப்பு எது தெரியுமா? உப்பளம், கடல் உயிரின வளர்ப்பு... கூடவே சிப்பி எடுக்கும் இடம். அங்கே ஆக்ஸிஜன் 5 மில்லிகிராம் இருக்க வேண்டும். மனிதர்கள் குளிக்கிற தண்ணீரைவிட சிப்பி வளர்கிற தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்கிறது விதி.

பாறையில் ஒட்டிய ஆய்வகம்

குமரிக்காரர்களிடம் சிப்பி என்று சொன்னாலே முகம் மலரும். காரமாகப் புரட்டிய சிப்பியும் மரச்சீனிக் கிழங்கும் சேர்ந்தால் அன்று வேறு கறி வேண்டாம். கடியப்பட்டினம், முட்டம், குளச்சல், இனயம் பக்கம் கடற்பாறைகளில் ஒட்டிக் கிடக்கும் பழுப்புச் சிப்பி இது. உலகத்தில் எல்லா இடத்திலும் கிடைக்காது. தென்கேரளத்திலும் குமரியைச் சுற்றியுள்ள கரையிலும்தான் இந்த இனம் பெருமளவில் வளர்கிறது. கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிப் பாறைக்கு இறங்கி, உளியால் பெயர்த்து, இடுப்பு வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வருவார்கள். ஆக்ஸிஜன் சிலிண்டர் எல்லாம் கிடையாது.

சிப்பி இடம்விட்டு நகராது. தண்ணீரை உள்ளே இழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்றுவிட்டு, தண்ணீரை வெளியே விடும். ஒரு மணி நேரத்துக்கே லிட்டர் கணக்கில் இப்படி ஓடும். தண்ணீரில் ஈயம், பாதரசம், பாக்டீரியா எது இருந்தாலும் அதன் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். ஒரு பாட்டில் தண்ணீர் அந்த ஒரு நிமிடத்துக் கடலைச் சொல்லும். சிப்பி மாதக் கணக்கில் நடந்ததைச் சொல்லும். அமெரிக்க விஞ்ஞானி எட்வர்ட் கோல்ட்பெர்க் 1975-ல் இதை வைத்துத்தான் 'சிப்பிக் கண்காணிப்பு' என்ற யோசனையை உலகத்துக்கே முன்வைத்தார். ஊர் ஊராகச் சிப்பியை எடுத்துச் சோதித்தால் கடலோரம் முழுவதற்கும் ஒரு கணக்கு கிடைத்துவிடும்.

குமரியில் இந்தக் கணக்கு முக்கியம். மூன்று ஆறுகள் இங்கே கடலைச் சேர்கின்றன. தேங்காய்ப்பட்டினத்தில் குழித்துறைத் தாமிரபரணி, கடியப்பட்டினத்தில் வள்ளியாறு, மணக்குடியில் பழையாறு. பழையாறு நாகர்கோவிலை ஒட்டி, சுசீந்திரம் வழியாக வருகிறது. வழியில் சேரும் சாக்கடை எல்லாம் அதோடு வரும். காயலோரங்களில் தேங்காய்க் கதம்பையை ஊறப்போடும் தொழிலும் பழையது. கதம்பை அழுகும்போது தண்ணீரின் ஆக்ஸிஜன் தீர்ந்து, முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். கயிறு திரிக்கிறவர்களுக்குச் சோறு போடும் தொழில் அது. நிறுத்து என்று சொல்வது சுலபமில்லை. எங்கே, எந்த அளவுக்கு என்று அளந்து சொன்னால் மட்டும்தான் பேச்சைத் தொடங்க முடியும்.

கப்பல் மூழ்கியது இந்தச் சிப்பி இனப்பெருக்கம் செய்யும் பருவத்தில். பருவமழைக் காலத்தில்தான் அது முட்டை விடும். அந்தக் குஞ்சுகள் மிதந்து திரிந்து, பிறகு பாறையில் ஒட்டும். அவை மிதக்கும் அதே மேல்மட்டத் தண்ணீரில்தான் குருணையும் மிதந்தது.

ஒரே ஒரு வரி!

இங்கேதான் சிக்கல். எல்சா 3-ன் குருணை மிதந்துவரும் தண்ணீரை மொண்டு மேலே சொன்ன சோதனைகளை எல்லாம் செய்தால் என்ன வரும்? ஆக்ஸிஜன் சரியாக இருக்கும். அமிலத்தன்மை சரி. பி.ஓ.டி சரி. கோலிஃபார்முக்கும் குருணைக்கும் சம்பந்தமே இல்லை. எல்லாக் கட்டத்திலும் டிக் விழும். பிளாஸ்டிக் கரையாது, அழுகாது, ஆக்ஸிஜனைத் தின்னாது. சாக்கடையைப் பிடிக்கச் செய்த பொறியில் அது மாட்டாது.

அட்டவணையில் அதற்கு இடமே இல்லையா என்றால், ஒரு வரி இருக்கிறது. 'மிதக்கும் பொருள்' என்ற தலைப்பில், பயன்பாட்டுக்குக் கேடான எதுவும் இருக்கக் கூடாது என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரி. ஒரு சதுர மீட்டரில் எத்தனை குருணை இருந்தால் 'கேடு'? 10? 1,000? எண் இல்லை. எண் இல்லாத இடத்தில் வழக்கும் இழப்பீடும் தடுமாறும். எல்சா 3 விபத்துக்குக் கேரள அரசு உயர் நீதிமன்றத்தில் கேட்டிருப்பது 9,531 கோடி ரூபாய். இப்படி ஒரு தொகையைக் கேட்டால், விபத்துக்கு முன்னால் கடல் எப்படி இருந்தது, பின்னால் எப்படி ஆனது என்று ஆண்டுக்கணக்கான அளவுகளைக் காட்டியாக வேண்டும். முன்பு அளந்து வைக்காததைப் பிறகு எங்கிருந்து காட்டுவது?

குருணையை அளக்க வேறு வேலை செய்ய வேண்டும். கரையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் வைத்து, மேல் மணலை வழித்து, சல்லடையில் சலித்து, மிஞ்சியதை உப்புத் தண்ணீரில் போட்டால் மணல் அடியில் போகும், குருணை மேலே வரும். பிறகு கையால் எண்ண வேண்டும். சுத்தம் செய்ததும் கிட்டத்தட்ட இதே வழியில்தான். தன்னார்வலர்களும் தூய்மைப் பணியாளர்களும் குனிந்து குனிந்து அள்ளினார்கள். ஜே.சி.பி-யை விட்டால் குருணையோடு கடற்கரையே போய்விடும். குமரி மேற்குக் கரையில் கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய சுவர்களும் தூண்டில் வளைவுகளும் ஏராளம். அந்தக் கற்களின் இடுக்கில் போன குருணை, போனதுதான். அடுத்த பெரிய அலை வெளியே இழுத்துப் போடும் வரை அங்கேயே கிடக்கும்.

மீனுக்கு இது மீன்முட்டை மாதிரி தெரியும் என்பது பெரிய கவலை. இன்னொன்று, கடலில் ஏற்கெனவே கலந்திருக்கும் பூச்சிமருந்து போன்ற ரசாயனங்கள் பிளாஸ்டிக்கின் மேல் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இந்த ஒட்டும் குணத்தையே ஒருவர் பயன்படுத்திக்கொண்டார். டோக்கியோ வேளாண் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஹிதேஷிகே தகாடா 2005-ல், உங்கள் ஊர்க் கடற்கரையில் கிடக்கும் குருணையைப் பொறுக்கித் தபாலில் அனுப்புங்கள் என்று உலகத்தைக் கேட்டார். வந்த குருணைகளில் ஒட்டியிருந்த நச்சுகளை அளந்து உலக வரைபடமே போட்டுவிட்டார். படகு இல்லை, ஐஸ் பெட்டி இல்லை. குப்பையையே மீட்டர் ஆக்கிவிட்ட புத்திசாலித்தனம்!

பக்கத்து வீட்டு அனுபவம்

இலங்கை இதை நமக்கு நான்கு வருடம் முன்பே பார்த்துவிட்டது. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' கப்பல் தீப்பிடித்து, ஜூனில் மூழ்கியது. சுமார் 1,680 டன் குருணை கடலில் போனது. உலகத்தில் இதுவரை நடந்த மிகப் பெரிய குருணைச் சிதறல் அது. ஆண்டுகள் கழித்தும் அங்கே மணலைத் தோண்டினால் குருணை வருகிறது. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு தர உத்தரவிட்டது.

அந்த விபத்துக்குப் பிறகு குருணையை ஆபத்தான சரக்காக அறிவிக்க வேண்டும் என்ற குரல் சர்வதேச கடல்சார் அமைப்பில் எழுந்தது. 2024 மார்ச்சில் அந்த அமைப்பு சில பரிந்துரைகளை வெளியிட்டது: உறுதியான பையில் கட்டுங்கள், குருணை இருப்பதை ஆவணத்தில் தெளிவாகக் குறிப்பிடுங்கள், கண்டெய்னரை முடிந்தவரை மேல்தளத்துக்குக் கீழே வையுங்கள். எல்லாம் விருப்பப்பட்டால் செய்யலாம் என்ற ரகம். அடுத்த ஆண்டே எல்சா 3.

யார் முதலில் பார்ப்பது?

கடல் படிப்பு என்றால் டால்பினோடு நீந்துவது என்று நினைக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், ஒரு விஷயம் சொல்லி வைக்கலாம். பெரும்பாலான நாள்கள் பாட்டில் கழுவுவதிலும், எண்களை எக்செலில் ஏற்றுவதிலும்தான் போகும். வேலைகள் நிறைய ப்ராஜெக்ட் அடிப்படையில் வருபவை. ப்ராஜெக்ட் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். வேதியியல், நுண்ணுயிரியல், விலங்கியல், கடல் உயிரியல் படித்தவர்களுக்கு இடம் உண்டு. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி, நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் ஆகியவை தமிழ்நாட்டில் படிக்கும் இடங்கள். குமரிக்குப் பக்கத்தில் விழிஞ்ஞத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும் இருக்கிறது. குமரிப் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் தகுதி. படகில் வாந்தி எடுக்காமல் நிற்கத் தெரியும்!

அதைவிடப் பெரிய தகுதி ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. ஆய்வுக் குழு ஒரு இடத்துக்கு ஆண்டில் சில முறை வரும். கரைமடி இழுப்பவர் தினமும் அதே தண்ணீரில் நிற்கிறார். தண்ணீர் நிறம் மாறினால், வலையில் நுரை ஒட்டினால், சிப்பி பாறையிலிருந்து தானாகக் கழன்றால் முதலில் அவருக்குத்தான் தெரியும். பள்ளம் கிராமத்துக்காரரும் விலங்கியல் பேராசிரியருமான வறீதையா கான்ஸ்தந்தின் போன்றவர்கள், மீனவர்களின் இந்த அறிவைப் பதிவுசெய்ய வேண்டும் என்று பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். அந்த அறிவுக்கு ஆய்வக அட்டவணையில் இன்னும் ஒரு கட்டம் ஒதுக்கப்படவில்லை.

கடற்கரைக்குப் போகிறவர்கள் குருணையைப் பார்த்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வெறுங்கையால் அள்ள வேண்டாம். குவித்துத் தீ வைக்கவே வேண்டாம். பிளாஸ்டிக் புகை குருணையைவிட மோசம். இடம், தேதி தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பேரிடர் உதவி எண் 1077-க்குச் சொல்லலாம். பெரிய பெட்டியோ பீப்பாயோ ஒதுங்கியிருந்தால் பக்கத்தில் போகாமல், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-ஐ அழைப்பது நல்லது. போட்டோவில் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தையும் வைத்துவிட்டால் குருணை எவ்வளவு பெரியது என்று பார்ப்பவர்களுக்குப் புரியும்.

ஒவ்வொரு பருவமழைக்கும் நீரோட்டம் தெற்கே திரும்பும். மூழ்கிய கண்டெய்னர்களில் மிச்சமிருக்கும் மூட்டைகள் எப்போது கிழியும் என்று யாருக்கும் தெரியாது. மழை ஓய்ந்து கடல் தெளிந்ததும், கடியப்பட்டினம் பாறைகளில் மறுபடி உளிச் சத்தம் கேட்கும்.